குருவித் தீனி ஏலம்

நான் குருவியைக் கொல்லவில்லை.

மற்றதெல்லாம் பிறகு. மூட்டுவலி, மாத்திரை நேரம் என்று யாருக்காவது எழுந்து போக வேண்டியிருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் போகும்போது இந்த ஒரு வாக்கியத்தையாவது கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் நடந்துகொண்டது சரியில்லை என்று உங்களில் சிலர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. "எம்பது வயசு அத்தைகிட்ட இப்படியா?" என்றது யார் என்றும் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே தெரியும். ஒரே சபை, ஒரே ஞாயிறு பள்ளி, பிரேசர் டவுனின் அதே நாலு தெரு. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறீர்கள். என் அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போது பிரியாணித் தட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தும் இருக்கிறீர்கள்.

"பாத்துச் சாப்பிடுங்கப்பா, என் தங்கச்சி சமையல். இவ கையால தின்னு ஒரு குருவியே பரலோகம் போய்ச் சேந்துச்சு" என்பான். வருஷா வருஷம் இதே வசனம். என் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களிடம் சொன்னான். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடமும் சொன்னான். நானும் சிரித்துவைத்தேன். சிரித்ததால் வலிக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருந்தால், இத்தனை வயதாகியும் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

அண்ணன் சொன்ன கதையில் பாதிதான் இருக்கிறது. முழுசை இன்று நான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் காம்பவுண்டு உங்களுக்கு நினைவிருக்கும். நடுவில் வீட்டுக்காரம்மாவின் பெரிய ஓட்டு வீடு, அதைச் சுற்றி எங்களைப் போன்ற வாடகைக் குடித்தனங்கள், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். இப்போது பிள்ளைகள் அவகாடோ என்று சொல்லி ரொட்டியில் தடவிப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதேதான். நமக்கு அது என்றைக்கும் பட்டர் ஃப்ரூட். சர்க்கரையும் பாலும் சேர்த்துக் கரண்டியால் மசித்துச் சாப்பிட்டவர்கள் நாம். வீட்டுக்காரம்மா ஒரு குடித்தனத்துக்குப் பழம் கொடுத்தனுப்பினால் அந்த வீட்டின் மேல் அவருக்குப் பிரியம் என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

அதற்குக் காரணம் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. பள்ளிக்கூடத்து டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தாள். வீட்டுக்காரம்மாவின் குரல் சுருதியில் நிற்பதில்லை என்று பாடகர் குழு நடுவில் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். உண்மை அதுதான் என்றாலும், வாடகைக்கு இருப்பவர்கள் சொல்லக்கூடிய உண்மையா அது?

லவ் பேர்ட்ஸ் ஜோடியை வாங்கி வந்ததும் அத்தைதான். மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில். ஒன்று பச்சை, ஒன்று நீலம். பெயரும் அதுவே ஆகிவிட்டது. தேயிலைப் பெட்டிப் பலகையில் கம்பி வலை அடித்து அப்பா கூண்டு செய்தார். கதவு சரியாக மூடாது, துணி காயப்போடும் கிளிப்பு ஒன்றைப் போட்டுப் பிடித்திருப்போம். முன்னறையில் ஜன்னல் பக்கம் வைத்தோம். நீலம் அத்தையின் செல்லம். அவள் பள்ளியிலிருந்து வந்து குடையை மடக்கும் சத்தம் கேட்டாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும். விரலில் ஏறி உட்கார்ந்து அவள் கொடுப்பதையெல்லாம் தின்னும். பச்சைக்கு யாரையும் பிடிக்காது. கையை நீட்டினால் கடிக்கும். எனக்குப் பச்சையைப் பிடிக்கும்.

அத்தை கொடுத்தது என்ன என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கேக். மற்ற நாளில் பட்டர் பிஸ்கட், பாலில் நனைத்த பன். "வாயில்லாத ஜீவன், நாம திங்கிறத அதுவும் திங்கட்டும்" என்பாள். அன்பு அவளுக்குச் சர்க்கரையாகத்தான் வரும். மார்க்கெட்டில் பொட்டலம் கட்டித் தந்த தீனியோ, ஊதினால் பாதி தூசியாகப் பறந்தது, மீதியில் வண்டு ஊர்ந்தது. ஒரு மாதம் போவதற்குள் இரண்டும் இறகை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கின. எச்சம் தண்ணீராகப் போயிற்று. கத்தல் நின்றுவிட்டது.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. கேக் தின்ற மறுநாள் எச்சம் எப்படி இருக்கிறது, தின்னாத நாளில் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். பொட்டலத்துத் தீனியில் எந்த மணியை எடுத்து உமியை உரித்துத் தின்கின்றன, எதை அலகால் தள்ளிவிடுகின்றன என்று பார்த்தேன். காலி மனையில் புல் கதிரைச் சிட்டுக்குருவிகள் கொத்துவதைப் பார்த்தேன். எந்தக் குருவியும் கேக்கைத் தேடிப் போகவில்லை.

அம்மா கடைக்கு அனுப்பும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானியம் சேர்த்தேன். உமி நீக்காத தினை. அதை நவணெ என்று கன்னடத்தில் கேட்டால்தான் செட்டியார் எடுத்துத் தருவார். அதோடு சாமை, கேழ்வரகு, ஒரு பிடி நெல். தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். கழுவியதைக் காயவைப்பதுதான் பெரிய பாடு. அந்த மழைக்காலத்தில் பெங்களூரில் வெயில் என்பதே கிடையாது, போட்ட உள்பாவாடையே மூன்று நாள் ஈரமாக இருக்கும். வெளியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்பில் வைத்தால் கருகும். கடைசியில் அப்பாவின் வால்வ் ரேடியோவைக் கண்டுபிடித்தேன். ஒரு மணி நேரம் ஓடினால் அதன் மண்டை வெதுவெதுப்பாகிவிடும். மேலே இருந்த பின்னல் துணியை எடுத்துவிட்டு, அம்மாவின் பழைய புடவைத் துண்டை விரித்து, தானியத்தைப் பரப்புவேன். அப்பா செய்தி கேட்பார், என் தினை காயும். வார்னிஷும் தூசியும் தானியமும் சேர்ந்து சூடாகி வரும் அந்த வாசனை இருக்கிறதே, இன்றைக்கும் செய்தி என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

அப்பா ஒருநாள் குமிழைத் திருகப் போய்க் கையெல்லாம் கேழ்வரகு. "ரேடியோல பயிர் வெக்கிறியாம்மா?" என்று கேட்டார். கையைத் தட்டிவிட்டுச் செய்திக்குத் திரும்பினார்.

காய்ந்த பிறகு முட்டை ஓடு. அம்மாவிடம் வாங்கிக் கொதிக்கவைத்து, உள்தோலை உரித்து, காயவைத்து, சிற்றுரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்துச் சேர்ப்பேன். முருங்கை இலையை நிழலில் காயவைத்து உள்ளங்கையில் கசக்கித் தூவுவேன். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, எண்ணெய் கிடையாது. முளைகட்டிய பச்சைப்பயறு மட்டும் தனியாக, அன்றன்றைக்கு. எல்லாவற்றையும் கலந்து ஒரு பால்பவுடர் டின்னில் போட்டு வைத்தேன். டின்னைக் குலுக்கினால் மழைத்தூறல் மாதிரி சத்தம் வரும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்கே பச்சை கம்பியில் ஓடிவந்து நிற்கத் தொடங்கியது.

"இனிமே கேக் குடுக்காதீங்க அத்தை. அதுக்கு வயிறு கெடுது" என்றேன்.

அத்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நீ யாருடி, குருவி டாக்டரா?"

"எச்சத்தைப் பாருங்க அத்தை, தண்ணியா போகுது."

"சீ, சாப்பிடற நேரத்துல பேசற பேச்சா? நான் வாங்கிட்டு வந்த குருவி. என் கையால குடுப்பேன்."

ஆனால் குருவிகள் தேறின. இறகு படிந்து மினுமினுத்தது, காலையில் கத்தல் காதைப் பிளந்தது. அத்தை கொடுத்த கேக்கை நீலம் மரியாதைக்கு ஒரு கொத்து கொத்திவிட்டு என் கிண்ணத்துக்குத் திரும்பியது. "மழை கொஞ்சம் விட்டிருக்கில்ல, அதான் தெளிஞ்சுடுச்சு" என்றாள் அத்தை. மழை விடவில்லை. ஓட்டிலிருந்து சொட்டுவதற்கு முன்னறையில் அன்றைக்கும் வாளி வைத்திருந்தோம்.

அப்புறம் பண்டிகை வந்தது. நம் அறுப்பின் பண்டிகையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் நம் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறதே, அதனால் சொல்கிறேன். வயலும் தோட்டமும் இருந்தவர்கள் முதல் விளைச்சலை ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே மேஜையில் பரப்பி ஏலம் விடுவார்கள். வருவது சபைக்கு. பெங்களூரில் நமக்கு ஏது வயல்? கேக், முட்டை, ஊறுகாய், கோழி, பூசணிக்காய் என்று வைப்போம். அந்த வருஷம் ஞாயிறு பள்ளியில், "அவங்கவங்க கையால உண்டாக்கினதைக் கொண்டு வாங்க" என்றார்கள். நான் கையால் உண்டாக்கியது ஒன்றுதான்.

அகலவாய் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, குருவித் தீனியை நிரப்பி, சடையில் கட்டும் சிவப்பு ரிப்பனை அதன் கழுத்தில் கட்டினேன். தினை மஞ்சளும் கேழ்வரகுச் சிவப்பும் முருங்கைப் பச்சையுமாக அது அழகாகத்தான் இருந்தது. பீடத்துக்கு முன்னால், வீட்டுக்காரம்மா கொண்டுவந்த பட்டர் ஃப்ரூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது அவர் மரத்தின் முதற்பழம். பண்டிகைக்கென்று அரிசிப் பானைக்குள் வைத்துப் பழுக்கவைத்தது.

ஏலம் விட்டவர் அன்றைய சபைச் செயலாளர். என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னம்மா, சத்துமாவா?"

"குருவித் தீனி ஐயா. லவ் பேர்ட்ஸுக்கு. நானே செஞ்சேன்."

அவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "குருவித் தீனியாம்! சபையில குருவிங்க யாராவது இருந்தா கை தூக்குங்கப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை. "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று பாட்டிலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார். அந்த அப்புறம் வரவேயில்லை.

அத்தையின் முகம் சிவந்துபோயிருந்தது. வீட்டு மானம் மேஜைக்கு அடியில் கிடக்கிறதே. அடுத்ததாக வந்தது முதற்பழம். அத்தை கையைத் தூக்கினாள். வீட்டுக்காரம்மாவின் சொந்தக்காரர்கள் விடவில்லை, மேலே கேட்டார்கள். ஏலத்தில் ஒவ்வொரு தொகைக்கும் கையைத் தூக்கி இறக்குவதுதான் வழக்கம். அத்தை இறக்கவேயில்லை. தூக்கிய கை தூக்கியபடி, கொடிக்கம்பம் போல நின்றாள். எதிரில் கேட்டவர்கள்தான் களைத்துப்போய் விட்டார்கள். பழத்தைப் புடவைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் முன்னாலேயே நடந்து வந்தாள். அப்பா பின்னாலேயே வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஜெபம் பண்ணிப் பழத்தை வெட்டினாள். உள்ளே ஓரத்தில் பச்சை, நடுவில் வெண்ணெய் மஞ்சள். ஆளுக்கு ஒரு துண்டு. எனக்கு வந்ததை நான் தொடவில்லை, மேஜைக்கு அடியில் கிடந்த பாட்டில்தான் கண்ணுக்குள் இருந்தது.

"ஆலயத்துல ஏறின பழம்" என்றாள் அத்தை. "வீட்டுல இருக்கிற சகல ஜீவனும் ருசி பாக்கணும். அதுதான் ஆசீர்வாதம்."

விரலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனாள். பச்சை அவள் விரலைக் கடித்துவிட்டு என் கிண்ணத்துக்குப் போய்விட்டது. நீலம் தின்றது. திரும்பத் திரும்பத் தின்றது. அலகு முழுக்கப் பசை ஒட்டிக்கொண்டதைப் பார்த்து அத்தை குஷியில் சிரித்தாள். "பாருடி, உன் புல்லு விதையை விட்டுட்டு எப்படித் திங்குது பாரு!"

மறுநாள் மாலை நீலம் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அதற்கடுத்த காலை கூண்டின் தரையில் கிடந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். கையில் எடுத்தால் கனமே இல்லை. கத்தாமல் எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினேன்.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கண்ட குப்பையையும் அரைச்சுப் போட்டு கொன்னுட்டியேடி" என்றாள்.

"பச்சையும் அதையேதானே தின்னுச்சு, அத்தை?"

அடி விழுந்தது. அத்தை என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். "பெரியவங்ககிட்ட எதிர்ப்பேச்சு பேசாத" என்றார் அப்பா. அண்ணன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைச் சாக்கடை ஓரத்தில் கவிழ்த்தாள். நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அந்த வீட்டில் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நான் தீனி செய்தேன், குருவி செத்தது, அதனால் தீனிதான் கொன்றது என்று முடித்துவிட்டார்கள்.

அத்தை நீலத்தை மரத்தடியில் புதைத்தாள். மிச்சமிருந்த பாதிப் பழத்தையும் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போய் அதே குழியில் போட்டு மூடினாள். பிரியமான குருவிக்கு அது ஆசையாகத் தின்ற பழம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்து வயதில் வேறு என்ன நினைப்பேன்?

கூண்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. போனேன். பச்சையை அந்தப் பொட்டலத் தூசிக்கு விட்டுவிட முடியுமா? சாக்கடை ஓரத்தில் அம்மா கவிழ்த்த தானியம் மழையில் முளைத்துக்கொண்டு வந்தது. முதலில் புல் என்றுதான் நினைத்தேன். பிறகு கதிர் வைத்தது, தினைக் கதிர், பூனை வால் போல வளைந்து. கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு அதை அறுத்து, கழுவி, மறுபடியும் ரேடியோ மேல் காயவைத்தேன். அப்பா பார்த்தார். செய்தியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார். ஒரு காலை நான் கிண்ணத்தில் தீனி போடும்போது அத்தை குடையோடு வந்து நின்றாள். இன்னொரு அடிக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவள் குடையை விரித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பச்சை என் தீனியைத் தின்று, நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை உயிரோடு இருந்தது. யாரோடும் ஒட்டாமல், எல்லாரையும் கடித்துக்கொண்டு, நிறைவாக வாழ்ந்தது. "கர்த்தருடைய கிருபை" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செத்தால் என் தீனி, பிழைத்தால் கர்த்தருடைய கிருபை. இது எந்த ஊர் நியாயம் என்று உங்களைக் கேட்கிறேன்.

இனி இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

அந்தக் காம்பவுண்டு அடுக்குமாடியாகிவிட்டது. மரம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அப்பா, அம்மா இல்லை. ரிட்டயரான அத்தை பல வருஷமாக என்னோடுதான் இருக்கிறாள். சக்கர நாற்காலி வந்துவிட்டது, குரல் மட்டும் இன்னும் வகுப்பறைக் குரல். என் மகள் போன வருஷம் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் கொண்டுவந்து வைத்தாள். தீனி நானே செய்கிறேன். கடையில் விதவிதமாகப் பாக்கெட் விற்கிறார்கள், எனக்கு வேண்டாம். ரேடியோ இல்லாததால் இப்போது செட்டாப் பாக்ஸின் மேல் காயவைக்கிறேன். அதுவும் சூடாகத்தான் ஆகிறது.

ஒன்றின் அலகு நீளமாக வளர்ந்துவிட்டது என்று பறவை டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்னப் பெண், கன்னடத்துக்காரி, என்னோடு தமிழில் பேசினாள். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். எப்போதாவது ஆசைக்குப் போடும் உலர்ந்த திராட்சையைக் குறைக்கச் சொன்னாள், சர்க்கரை ஜாஸ்தியாம். மற்றதெல்லாம் சரி என்றாள். கதவுவரை வந்த பிறகு கூப்பிட்டாள்.

"அம்மா, பட்டர் ஃப்ரூட் மட்டும் பேடவே பேடா, குடுக்கவே கூடாது. நம்ம பெங்களூர்ல எல்லார் வீட்டுலயும் இருக்கும், தெரியாம குடுத்துடறாங்க. பறவைக்கு அது விஷம். ஒரு துண்டு போதும், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும்."

"எங்க வீட்ல பட்டர் ஃப்ரூட் வாங்கறதே இல்லம்மா" என்றேன் சாதாரணமாக.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஏன் வாங்குவதில்லை? அத்தைக்கு அந்த வாடை ஆகாது. எப்போதிலிருந்து ஆகாது? அந்தப் பண்டிகைச் சாயங்காலம் தன் பங்குத் தோலைக் கரண்டியால் வழித்து வழித்துத் தின்றவள் அவள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தொட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரம்மாவோடு இருந்த பகை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குழிக்குள் போன பாதிப் பழம் என் கண் முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து கூண்டைக் கீழே வைத்தேன். அத்தை போனில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை வாங்கி அணைத்தேன்.

"அத்தை, நீங்க ஏன் பட்டர் ஃப்ரூட் சாப்பிடறதில்ல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

பாருங்கள், நான் இன்னும் எதையும் சொல்லவேயில்லை.

"டாக்டர் சொன்னாங்க. குருவிக்கு அது விஷமாம்."

"விஷம்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது. சந்தேகம் இருந்துச்சு. நீ கொண்டுவந்து காட்டினப்பவே. அலகுல அந்தப் பழப் பசை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உன் தீனியைத் தின்ன இன்னொண்ணு நல்லா இருந்துச்சு."

"அப்ப ஏன் என்னை அடிச்சீங்க?"

"ஆலயத்துல வெச்சு ஜெபம் பண்ணின பழம். அது கொன்னுடுச்சுன்னு எந்த வாயால சொல்றது? அதுவும் அத்தனை பேர் முன்னாடி நான் கை தூக்கி எடுத்த பழம். சபை என்ன சொல்லும், வீட்டுக்காரம்மா என்ன சொல்லுவா... நீ சின்னப் பிள்ள, மறந்துடுவேன்னு நெனச்சேன்."

"ஆண்டவரோட மானத்தைக் காப்பாத்த என் மானம்தான் உங்களுக்குக் கெடச்சுதா? அவர் வந்து கேட்டாரா உங்ககிட்ட?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், எதிரெதிராக உட்கார்ந்து இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கின்றன. அத்தையை அப்போதே மன்னித்துக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் கேட்க உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் செய்யவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. இரவு ரசம் சாதம் குழைவாகப் பிசைந்து கொடுத்தேன், மாத்திரையைக் கொடுத்தேன், பேச்சைக் கொடுக்கவில்லை.

மறுநாள் சொன்னேன்: "அண்ணன் இனிமே அந்தக் கதையைச் சொல்றப்ப நீங்க எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லணும்."

"இந்த வயசுல என்னை நிக்கவெச்சு அவமானப்படுத்தப் போறியா?"

"என்னைப் பத்து வயசுல நிக்கவெச்சீங்களே அத்தை."

அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது.

தினையைப் பொறுக்கினேன். கழுவினேன். செட்டாப் பாக்ஸின் மேல் காயவைத்தேன். முட்டை ஓடு இடித்தேன், முருங்கை கசக்கினேன். அகலவாய் பாட்டிலுக்குக் கடை கடையாக அலைந்தேன், எல்லாம் பிளாஸ்டிக். கடைசியில் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் காலி செய்து மிளகாய் வாடை போகும்வரை சுடுதண்ணீரில் ஊறப்போட்டேன். கழுத்தில் சிவப்பு ரிப்பன். அத்தை எல்லாவற்றையும் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றது நீங்கள் பார்த்ததுதான், ஆனால் உங்கள் இடத்திலிருந்து பார்த்தீர்கள். என் இடத்திலிருந்து சொல்கிறேன். இப்போதைய செயலாளர் மரியாதையான பிள்ளை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆன்ட்டி, இது பறவைங்களுக்கா? கடைசியில பாத்துக்கலாமா?"

"கடைசியில வேணாம் தம்பி. இப்பவே." மைக்கை வாங்கிக்கொண்டேன். "இது குருவித் தீனி. நான் செஞ்சது. இதைத் தின்னு எந்தக் குருவியும் சாகல, அன்னிக்கும் சாகல. யாருக்கு வேணுமோ கேளுங்க."

பழைய கதை தெரிந்தவர்கள் சிரித்தீர்கள். அண்ணன் மூன்றாவது வரிசையில் எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஒரு கையும் உயரவில்லை. எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது. ஆனால் இம்முறை நான் மேஜையை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் அந்த வகுப்பறைக் குரல் கேட்டது. "எனக்குக் குடுங்க."

அத்தை கையைத் தூக்கியிருந்தாள். "நான் குடுத்த முதற்பழத்தைத் தின்னுதான் அந்தக் குருவி செத்துச்சு. தெரிஞ்சுக்கிட்டே என் அண்ணன் மக மேல பழியப் போட்டேன். டேய், இனிமே அந்தக் கதையைச் சொன்னே, இப்படித்தான் சொல்லணும்." கடைசி வாக்கியம் அண்ணனுக்கு. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, பாட்டிம்மாவுக்கே... ஒரு தரம்..." என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

"ஆன்ட்டி, நீங்க கொண்டு வந்ததை நீங்களே கேக்கறீங்களா?"

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

இதைத்தான் நீங்கள் தப்பு என்கிறீர்கள். கிழவி மனம் திறந்து சொல்லிவிட்டாள், விட்டுக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ஏன் விட வேண்டும்? ஒரு காலத்தில் ஒருவரும் கேட்காத தீனி அது. முதற்பழத்துக்கு நின்ற அளவாவது அதற்கும் அவள் நிற்க வேண்டாமா?

அத்தை என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை இறக்கவில்லை. நானும் இறக்கவில்லை. செயலாளர் தொகையை ஏற்றிக்கொண்டே போனார். அத்தையின் கை அன்றைக்குப் போலவே கொடிக்கம்பமாக அங்கேயேதான் நின்றது.

"விட்டுடேன்டி, கை வலிக்குது" என்றாள்.

"வலிக்கட்டும் அத்தை" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் தூக்குங்க."